நான்கு தட்டு இடைவெளி

போத்தனூர் கிளாடிஸைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் ஒரு பாட்டின் மெட்டைக்கூடப் பாடியதில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடிய யாரையாவது கேட்டுப் பார்க்கட்டும். மெட்டு என்பது மேல் குரலில் பாடும் சொப்ரானோ பெண்களின் சொத்து. அதற்குக் கீழே, ஆண்களின் கனத்த குரலுக்கு மேலே, நடுவில் ஒரு வரி ஓடும். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும்போது யாரும் அதை முணுமுணுத்துக்கொண்டு போவதில்லை. பாயசத்தில் போடும் ஒரு கல் உப்பு மாதிரி அது. அந்த உப்பாகவே கிளாடிஸுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது.

அம்மாவும் ஆல்ட்டோதான். வெங்காயம் உரிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அம்மா அந்த நடு வரியைத்தான் பாடுவார். சின்னப்பெண் கிளாடிஸ் அதுதான் பாட்டு என்று நினைத்தே வளர்ந்தாள். தேவாலயத்தில் மற்றவர்கள் வேறு எதையோ பாடுவதைக் கேட்டு, பாவம், இத்தனை பேர் தப்பாகப் பாடுகிறார்களே என்று அவளுக்குக் கவலையாக இருக்கும். அந்தத் தப்பு தெளிந்தபோது அவளுக்கு எட்டு வயது. அன்றைக்குச் சாப்பிடாமல் அழுதாள்.

அதற்குள் அந்தத் தப்பை இன்னொருத்திக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள் என்பதுதான் இந்தக் கதை.

பக்கத்து வீட்டு அம்புஜம் அவள் வயதுக்காரி. அம்புஜத்தின் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் போத்தனூர்த் தமிழ். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துவைக்கிற கல். சனிக்கிழமை காலையில் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடச் சீருடையை அந்தக் கல்லில் போட்டுக் கும்முவார்கள். சோப்பு நுரை வழியும். பாலக்காட்டுப் பக்கம் போகிற ரயில் நீளமாகக் கூவிவிட்டுப் போகும். கிளாடிஸ் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றின் நடு வரியைப் பாடுவாள். அம்புஜம் கேட்டுக் கேட்டுத் தானும் பாடுவாள். வார்த்தை பிடிபடாத இடத்தில் தெலுங்கில் எதையாவது போட்டு நிரப்பிக்கொள்வாள்.

அந்தப் பாட்டின் நடுவே ஓரிடத்தில் ஆல்ட்டோக்கள் நான்கு தட்டு நேரம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் சொப்ரானோக்கள் மட்டும் தனியாக மேலே போய்த் திரும்புவார்கள். அம்மா அங்கே நிறுத்துவார் என்பதால் கிளாடிஸும் நிறுத்துவாள். நிறுத்திவிட்டு ஈரத்துணியின் மேல் நான்கு முறை உள்ளங்கையால் தட்டுவாள்.

“ஏன் புள்ள நிறுத்திப்போட்ட?” என்று அம்புஜம் கேட்டாள்.

“அங்க இன்னொருத்தங்க பாடுவாங்க. நாம காத்திருக்கோணும்.”

“ஆரு?”

“தெரியல. எங்கம்மா காத்திருப்பாங்க.”

அதற்குமேல் அம்புஜம் கேட்கவில்லை. அவளும் நான்கு முறை தட்டிவிட்டு மிச்சத்தைப் பாடினாள். பின்னால் விஷயம் தெளிந்த பிறகும், வெட்கத்தில் கிளாடிஸ் அதை அவளிடம் சொல்லவில்லை.

பத்தொன்பது வயதில் அம்புஜத்தை அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நாலைந்து வருஷத்தில் பட்டறையை விற்றுவிட்டு அப்பாவும் மகளோடு போய்விட்டார். அப்போது யார் வீட்டில் தொலைபேசி இருந்தது! அதற்குமுன் ஒரு தீபாவளிக்கு அம்புஜம் வந்தபோது கிளாடிஸ் ஒருமுறை பார்த்தாள். அதற்கடுத்த முறை வந்தபோது கிளாடிஸ் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். சண்டையில்லை, மனத்தாங்கலில்லை. வாய்க்காலில் விட்ட செருப்பு போலத் தோழமை எங்கேயோ ஒதுங்கிவிட்டது. ஆனால் கிளாடிஸ் மறக்கவில்லை. இன்றைக்கும் அவிநாசி பஸ்ஸைக் கண்டால் ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பாள். கணவர் சைமன் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்ப்பவர். “பஸ்ஸுக்கும் சிக்னல் போடறயா?” என்று கேலி செய்வார். அவளுக்கு அப்படி மனசைத் திறந்து பேச வேறு ஒருத்தி அதற்கப்புறம் வாய்க்கவே இல்லை. அதை அவள் சைமனிடமும் சொன்னதில்லை.

இப்போது கிளாடிஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவளை வீட்டில் பார்க்க முடியாது. காளிச்சாமியின் பேக்கரி மாடியில் அன்றைக்குக் கூட்டம். புதுப்பாட்டுக் கேட்கிற கூட்டம்.

அதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேக்கரிக்கார காளிச்சாமிக்கு இந்தக் காலத்துக் கலப்புப் பாட்டென்றால் உயிர். பறையோடு கிட்டார், தேவாரத்தோடு கணினி ஒலி, நாட்டுப்புறப் பாட்டோடு கடல் தாண்டிய தாளம் என்று இணையத்தில் வருவதையெல்லாம் சேர்த்து வைப்பார். ஒரு பாட்டை மூன்று முறை போடுவார்கள். முதல் முறை யாரும் பேசக் கூடாது. இரண்டாம் முறை எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பார்கள். மூன்றாம் முறை, பிரித்ததையெல்லாம் மறந்துவிட்டுச் சும்மா கேட்பார்கள். டீயும் தேங்காய் பன்னும் காளிச்சாமி உபயம்.

தாளம் என்றால் அப்துல் குத்தூஸ். ஒலிபெருக்கி கட்டுகிற தொழில். தட்டுகிற சத்தம் எதுவாயிருந்தாலும் ஊர் பேர் சொல்லிவிடுவார். ராகம் என்றால் லோகப்பிரியா, கல்லூரியில் இசை நடத்துகிறவள். கிளாடிஸுக்கு இரண்டிலும் பெரிய ஞானமில்லை. பாட்டின் நடுவில் ஒளிந்திருப்பது மட்டும் அவள் காதில் விழும். பின்னால் வயலின் ஒன்று அழுகிறது, கோரஸில் ஒரு பெண் மட்டும் வேறு மாதிரிப் பாடுகிறாள் என்பாள். மற்றவர்கள் திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டு, ஆமாம், இருக்கிறது என்பார்கள். அவள் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பாட்டு அவளுக்கு ஒரு பெரிய வீடு. எல்லோரும் முன்வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் உள் அறைகளில் நடந்துகொண்டிருப்பாள்.

சென்ற ஆடி மாதத்தில் காளிச்சாமி குழுவுக்கு ஒரு பாட்டு அனுப்பினார். பெயர் ‘தூரிச் சத்தம்’, தொட்டில் ஆடுகிற சத்தம். செய்தவன் சாய்குமார் என்கிற பையன், அவனுடைய முதல் பாட்டு. ஏழெட்டு லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். “இந்தவாட்டி நம்ம கிளாடிஸ் அம்மணிதான் பேசோணும். பாட்டுக்காரத் தம்பியும் நேர்ல வாரேன்னு சொல்லியிருக்குதுங்க” என்று குரல்பதிவு போட்டிருந்தார்.

கடையில் ஆளில்லாத நேரம். காதில் மாட்டிக்கொண்டாள். முதலில் கணினியில் செய்த ஒரு மெல்லிய இரைச்சல், விடிகாலைப் பனி மாதிரி. அதற்குள்ளிருந்து ஜமாப் மேளம் வந்தது. கோயில் நோம்பியில் ஊரையே குலுக்குகிற அந்தப் பெரிய மேளத்தை இந்தப் பையன் பூனை நடை நடக்க விட்டிருந்தான். அடியில் பேஸ் கிட்டார் சோம்பலாக ஆடியது. கிளாடிஸ் கண்ணை மூடினாள். சுவரில் மாட்டியிருந்த பார்வை சோதிக்கிற பலகையின் எழுத்துகள் மூடிய இமைக்குள்ளும் பெரிதும் சிறிதுமாக மிதந்தன.

அப்புறம் ஒரு பெண் குரல். கைபேசியில் பதிந்த குரல், பின்னால் கோழி கூவுகிறது. பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகத் தாலாட்டு.

இரண்டாவது வரிக்குள் கிளாடிஸின் உள்ளங்கை தானாக மேசைமேல் வந்து படுத்துக்கொண்டது. குரல் நின்றது. மேளமும் நின்றது. தொட்டிலைத் தட்டுகிற சத்தம் மட்டும், நான்கு தட்டு. மேசைமேல் அவள் கையும் நான்கு தட்டுத் தட்டி முடித்திருந்தது. பிறகுதான் அது அவளுக்குப் புரிந்தது.

துவைக்கிற கல் வந்தது. நுரை வந்தது. ரயில் வந்தது. கண்ணாடி வாங்க வந்த ஒருவர், “ஏனுங், உடம்பு சொகமில்லீங்களா?” என்று கேட்கிறவரை அவள் போத்தனூரில் இருந்தாள், ஆனால் இந்த வருஷத்துப் போத்தனூரில் இல்லை.

பாட்டின் கீழே ‘குரல்: அம்மா’ என்று மட்டும் போட்டிருந்தது. கூடவே ஒரு பேட்டித் துண்டு. நீளத் தலைமுடியைப் பின்னால் முடிந்த ஒரு பையன் கண் மின்னப் பேசினான். “பல தலைமுறைக்கு முன்னாடி எங்காளுக தெலுங்கு நாட்டுல இருந்து இங்க வந்தப்ப நாக்குலயே கொண்டுவந்த பாட்டு இது. நடுவுல ஒரு மௌனம் வருதுல்ல? மாட்டு வண்டி நின்னு நின்னு வந்த பயணத்தோட மௌனம் அது. என்கிட்ட இருக்கற ஒரே சொத்து இந்தப் பாட்டுதான்.”

கிளாடிஸுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. சொன்னால் பையனின் பெருமையைப் பிடுங்கிக்கொண்டது போலாகும். சொல்லாவிட்டால் அம்புஜத்தைத் தேடிப்போக அவளுக்கு என்ன வழி? அத்தனை நல்ல பாட்டைச் செய்தவனிடம் போய், உன் வேர் எங்கள் துவைக்கிற கல்லில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

“பேசாம இருந்துக்கோ. உன்ற வேல நடுவுல பாடறதுதான?” என்றார் சைமன், அன்று ராத்திரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமல்.

நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்திருந்தது. கீழே அடுப்பிலிருந்து பன் வாசனை ஏறி வந்தது. சாய்குமார் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். அம்புஜத்தின் காது அவனுக்கு. கொஞ்சம் வெளியே விரிந்த காது. கிளாடிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் முறை ஓடியது. இரண்டாம் முறை குத்தூஸ் பாய் ஆரம்பித்தார். “ஜமாப்ப இத்தன மெதுவா அடிச்சு நான் கேட்டதில்லீங்க தம்பி. அந்த கிட்டாரு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற தீவுக்காரங்க தாளம். ரெண்டும் சம்பந்தி மாதிரி மரியாதையாப் போகுது, ஒண்ண ஒண்ணு முட்டல.”

லோகப்பிரியா நெற்றியைச் சுருக்கினாள். “எனக்கு இந்த மெட்டுதான் பிடிபடலைங்க. எந்த ராகத்திலயும் உக்கார மாட்டேங்குது. கடைசியில சட்ஜத்துல வந்து நிக்கணும்ல? வரலை. காந்தாரத்துலயே தொங்கிட்டு நின்னுடுது. வாசல்வரைக்கும் வந்துட்டு உள்ள வராத மாதிரி. நாட்டுப்புறத்துல இப்படி நான் கேட்டதே இல்ல. அந்த இடைவெளி இன்னும் ஆச்சரியம்.”

“அதாங்க எங்க பயணத்தோட மௌனம்” என்றான் சாய்குமார்.

“சரி, அம்மணி சொல்லுங்க” என்று காளிச்சாமி கிளாடிஸின் பக்கம் திரும்பினார்.

கிளாடிஸ் எழுந்து நின்றாள். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

“தம்பி, அம்மா நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க ஆன்ட்டி” என்றான் அவன், குழப்பத்தோடு.

“அந்த மெட்டு வீட்டுக்குள்ள வராம நிக்கறதுக்குக் காரணம் இருக்குதுங்க. உள்ள வரவேண்டியது இன்னொரு குரல். இது மெட்டு இல்லீங்க, மெட்டுக்குத் துணையாப் போற வரி. எங்க சர்ச்சுல ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுல ஆல்ட்டோக்காரங்க பாடறது.” அவள் மேசையை நான்கு முறை தட்டிக் காட்டினாள். “அந்த எடத்துல மாட்டு வண்டி நிக்கல தம்பி. அங்க இன்னொருத்தங்க பாடுவாங்க. அதுக்குத்தான் நிறுத்தறது. உங்கம்மாவுக்கு அதச் சொல்லிக் குடுத்தது நான். பேரு அம்புஜந்தானுங்களே? பட்டறைக்காரர் மக.”

சாய்குமாரின் முகத்தில் முதலில் கோபம் வந்தது. அது நிற்கத் தெரியாமல் போய்விட, சின்னப்பையன் முகம் மிஞ்சியது.

“அப்ப இது எங்களுது இல்லீங்களா ஆன்ட்டி?”

சொல்லியிருக்கக் கூடாதோ என்று கிளாடிஸ் நினைத்தாள். உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. லோகப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாய்குமார் கைபேசியை எடுத்து அம்மாவை அழைத்தான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசைமேல் வைத்தான். கோழி கூவியது.

“என்ன கண்ணு, சாப்டயா?”

“அம்மா, நம்ம தூரிப் பாட்டு நம்ம பழைய ஆளுக பாடுனதுதான?”

“ஆரு சொன்னா?”

“நீதாம்மா சொன்ன! அந்தக் காலத்துல இருந்து வர்றதான்னு கேட்டேன், ‘ம்’னு சொன்ன.”

“அப்ப மாடு கட்டிட்டிருந்திருப்பேன். நீ என்ன கேட்டாலும் ‘ம்’னுதான் சொல்லுவேன்.” காளிச்சாமி வாயைப் பொத்திக்கொண்டார். “அது போத்தனூர்ல எங்கூடப் படிச்ச புள்ள பாட்டு கண்ணு. கிளாடிஸ்னு. தங்கமான புள்ள. இப்ப எங்க இருக்காளோ.”

சாய்குமார் நிமிர்ந்து பார்த்தான். கிளாடிஸின் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவும் தோன்றாமல் நின்றாள். அவன் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, கைபேசியைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினான்.

“அம்புஜம்” என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

“ஏ புள்ள.” அப்புறம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். “எங்க போய்த் தொலஞ்ச?”

“நா எங்கயும் போகல அம்மணி. இங்கயேதான் இருக்கேன்.”

“எம் பையன் என்னமோ கேக்கறானே, அவனுதில்லையா அந்தப் பாட்டு?”

“அவனுதும்தான். அவனத் தூங்கவெச்ச பாட்டுல்ல.”

“அப்படிச் சொல்லு. எத்தன ராத்திரி அதப் பாடித் தூங்க வெச்சேன்! நீ சொன்னயேன்னு அந்த எடத்துல மட்டும் நிறுத்துவேன். இவன் வீல்னு கத்துவான். அப்பக்கூட நாலு தட்டுத் தட்டிட்டுத்தான் மிச்சம் பாடுவேன். ஆரோ பாடுவாங்கன்னயே, அவங்களுக்கு எடங் குடுக்கோணும்ல?”

சாய்குமார் தலையைக் குனிந்துகொண்டான். காதுமடல் சிவந்திருந்தது.

“பாடு” என்றாள் கிளாடிஸ்.

அம்புஜம் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். கைபேசியின் சின்ன ஓட்டை வழியாக அந்தத் தாலாட்டு மேசைமேல் வந்து ஆடியது. ஜமாப் இல்லை, கிட்டார் இல்லை. கீழே ரயில் ஒன்று பாலக்காட்டுப் பக்கம் கூவிக்கொண்டு போனது. வரி முடிந்தது. அம்புஜம் நிறுத்தினாள். எங்கோ அவிநாசித் தோட்டத்தில் ஒரு கை தொடைமேல் விழுந்தது.

கிளாடிஸ் வாயைத் திறந்தாள்.

சொப்ரானோக்களின் அந்த நான்கு தட்டை அவள் வாழ்நாளெல்லாம் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். காத்திருக்கும் நேரத்தில் மனசுக்குள் கூடவே போய் வந்திருக்கிறாள். வாய்விட்டுப் பாடியதில்லை. உச்சியில் குரல் கொஞ்சம் கீறியது. கீறினாலும் ஏறிவிட்டது. ஏறி, மெதுவாக இறங்கி, அம்புஜம் எடுக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது.

அம்புஜம் எடுக்கவில்லை.

லோகப்பிரியா கைபேசியைப் பார்த்தாள். இணைப்பு இருக்கிறது, விநாடி ஓடிக்கொண்டிருக்கிறது.

“அம்புஜம்? இருக்கறயா?”

“இருக்கேன்.” குரல் கரகரத்தது. “இதானா புள்ள அங்க இருந்துச்சு?”

“இதான்.”

“இத்தன வருசமா இதுக்குத்தான் நிறுத்துனனா?”

“ஆமா அம்மணி.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“சரி, மொதல்ல இருந்து வாரேன்” என்றாள் அம்புஜம். “நீ அந்த எடத்துக்கு வந்துரு.”